சிவப்பு வண்டியும் ஒரு காந்தத் துண்டும்

கத்தரிக்காய் வாங்கப் போனால் நாம் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஓட்டை தெரிந்தால் கூடையிலேயே போட்டுவிடுகிறோம். பழைய மோட்டார் வாங்குவதும் இதே வித்தைதான் என்பதை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் தெரிந்துகொண்டேன்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில், தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது ஆபிங்டன். கடைத்தெருவில் 17-ம் நூற்றாண்டுக் கட்டடமான கவுண்டி ஹால் நிற்கிறது. ராஜ குடும்பத்தில் விசேஷம் என்றால் அதன் உச்சியிலிருந்து ஜனங்களுக்குப் பன் ரொட்டி வீசுவது இங்கே சம்பிரதாயம்!

ஊரின் இன்னொரு கீர்த்தி எம்.ஜி. கார். இன்னோர் எழுத்தைச் சேர்த்துப் படித்துவிடாதீர்கள்! 'மாரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம் அது. 1929 முதல் 1980 வரை இங்கே அதன் தொழிற்சாலை நடந்தது. 1962-ல் வந்த 'எம்.ஜி.பி.' ரகம் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாராயிற்று. கூரையை மடக்கிவிட்டு இருவர் காற்றாடப் போகும் வண்டிக்குத்தான் மவுசு அதிகம்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளுக்கு வயது எழுபது. அவருடைய காலஞ்சென்ற கணவர் 1973 முதல் கடைசி நாள் வரை அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

"ஊராருக்கெல்லாம் வண்டி பூட்டினார். எங்களுக்கு மூன்று குழந்தைகள். இரண்டு பேர் வண்டியில் யாரை விட்டுவிட்டுப் போவது?" என்று சிரித்தார் அம்மாள்.

இப்போது குழந்தைகள் தலையெடுத்துவிட்டார்கள். கையில் பத்தாயிரம் பவுன் சேமிப்பு இருக்கிறது. பவுன் என்றால் நகையல்ல, அந்த ஊர்ப் பணம்! என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் பார்த்தது 1965-ம் வருஷத்து வண்டி. இரத்தச் சிவப்பு; குரோமியம் பம்பர்; கம்பிச் சக்கரம். நானாக இருந்தால் அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பேன். அம்மாளோ கைப்பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்தார். பெயிண்டில் கீறல் விழாமலிருக்கக் கைக்குட்டையில் சுற்றி, கதவுக்குக் கீழே வாசற்படி போல ஓடும் பாகத்தில் வைத்தார். ஒட்டவில்லை. சற்றுத் தள்ளி வைத்தார். பொத்தென்று விழுந்தது!

"இரும்பு இருந்தால்தானே ஒட்டும்? துருவுக்கு மேல் பட்டி பூசியிருக்கிறார்கள்" என்றார்.

இந்த வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே சட்டம். மேலே கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழுள்ள அந்தப் பாகம்தான் முதுகெலும்பு. அது இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்யும். கதவின் இடுக்கு மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்று காட்டிக்கொடுக்கும். என்ஜினில் கோளாறு என்றால் சரி செய்துகொள்ளலாம். உதிரி பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்தத் துருவை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்துப் பற்றவைப்பதோ பெருஞ்செலவு. அந்த நாட்டில் 40 வயது தாண்டிய கார்களுக்கு, பெரிய மாற்றம் செய்யாதிருந்தால், வருஷாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. வாங்குகிறவர்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும்.

அடுத்தது 1977-ம் வருஷத்து வண்டி. மங்கிய பச்சை. முகத்தில் கறுப்பு ரப்பர் பம்பர். அமெரிக்கச் சட்டத்துக்காக 1974-ல் இந்த பம்பரை வைத்து, வண்டியையும் சற்று உயர்த்தினார்கள். அதனால் ரசிகர்களுக்கு இதன்மேல் இளக்காரம், விலையும் மட்டு. ஆனால் காந்தம் வைத்த இடமெல்லாம் பிள்ளைப் பாசம் போல ஒட்டிக்கொண்டது. கதவுகள் இடிக்காமல் சாத்திக்கொண்டன. கிழிந்த கான்வாஸ் கூரையைக் காட்டி ஐந்நூறு பவுன் குறைத்துப் பேசி முடித்தார் அம்மாள்.

"சிவப்பின்மேல் ஆசையாக இருந்ததே?" என்றேன்.

"இருந்தது. ஆனால் அது வந்த வருஷத்தில் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பையன். இதில் ஒரு திருகாணியாவது அவர் முடுக்கியிருப்பார், இல்லையா?"

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையை இழுத்து மூடினோம். கிழிசல் சரியாக என் தலைக்கு மேலே! முழுக்க நனைந்துவிட்டேன். அம்மாள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை; புதுப் பெண் மாதிரி முகம் சிவந்து, வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.