36 வயதுக் காவல்காரர்

பழவேற்காட்டில் கிரிக்கெட் பேச ஆள் தேட வேண்டியதில்லை. ஹாக்கி பேசத்தான் தேட வேண்டும். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கோல் கீப்பரை 'கார்தியேன்' என்பார்கள். காவல்காரர் என்று பொருள். அந்தக் காவல்காரருக்கு வயதானால் மாற்றிவிட வேண்டுமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 16 பேர் கொண்ட நம் அணியில் ஒரே கோல் கீப்பர், 36 வயது ஸ்ரீஜேஷ். அவரைவிட 9 வயது இளையவரான கிரிஷன் பதக், ரிசர்வ் பட்டியலில் காத்திருந்தார். கிழவரை அனுப்பிவிட்டு இளைஞரை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு.

நான் ஒப்பவில்லை. முன்வரிசை ஆட்டக்காரருக்குக் கால்தான் மூலதனம். 30 தாண்டினால் வட்டி குறையும். கோல் கீப்பர் கதை வேறு. ஷூட்-அவுட்டில் எதிராளிக்கு 8 விநாடி. எப்போது முன்னேறி வழியை அடைப்பது, எப்போது அசையாமல் நிற்பது என்பது ஆடி ஆடித்தான் வரும். ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனுடன் காலிறுதி. ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 10 பேரோடு ஆடியும் 1-1. ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். கடைசியில் ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம். பிறகென்ன பேச்சு!

ஆனால் இதை டீக்கடையில் சொன்னபோது கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் மடக்கினார். "ஐயா, எனக்கு வலை நல்லா விழுதுன்னு பாட்டை விடவே மாட்டேன்னா, அடுத்தவன் எப்ப ஏரியில எறங்குறது?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. கைதேர்ந்தவன் என்பதற்காக யாருக்கும் கூடுதல் நாள் கிடையாது.

பதில் சொல்லச் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. ஸ்ரீஜேஷ் போட்டி தொடங்கும் முன்பே இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டார். காத்திருந்தவருக்குத் தன் முறை எப்போது என்று தெரிந்துவிட்டது. அந்த மரியாதை சங்கர் லட்சுமணனுக்குக் கிடைக்கவில்லை. 1956, 1964 இரண்டிலும் தங்கம், இடையே 1960-இல் வெள்ளி, 1966 ஆசியப் போட்டியில் கேப்டனாகத் தங்கம். 1968 ஒலிம்பிக் அணியில் பெயர் இல்லை. அத்தோடு ஆட்டத்தையே விட்டுவிட்டார். 2006-இல் மோவ் நகரில் வறுமையில் காலமானார்.

ஏலச் சந்தைக்கும் இது தெரிந்திருக்கிறது. பாரிஸ் முடிந்த இரண்டாம் மாதமே தமிழ்நாடு டிராகன்ஸ் அணி, அயர்லாந்தின் டேவிட் ஹார்ட்டை 32 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அவரும் 1988-இல் பிறந்தவர்தான்.

பெரியவர் முழுதாக ஒப்பவில்லை. "தேதி சொன்னது சரி. கத்துக்குடுத்தாரா?" என்றார்.

2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதி. பெல்ஜியத்துக்கு எதிரான ஷூட்-அவுட்டில் பிரின்ஸ்தீப் சிங் என்ற பையன் தடுத்துத் தடுத்து நம்மை ஜெயிக்க வைத்தான். அந்த அணியின் பயிற்சியாளர், ஸ்ரீஜேஷ்.