முடக்குக் கடை விளக்கு

பிள்ளை பிரத்தியேக வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது எந்த வழியால் வரவேண்டும் என்ற கேள்வி அண்மையில் எமது வீட்டிலே எழுந்தது. கேள்வி சிறியது. அதற்கு விடை தேடப் புகுந்தபோதோ, இந்தக் கொழும்பு மாநகரில் நாம் கழித்த கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தையும் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

வெள்ளவத்தையை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. காலி வீதி வடக்குத் தெற்காக ஓடுகின்றது. அதிலிருந்து கடலை நோக்கிப் பல ஒழுங்கைகள் இறங்குகின்றன. அவற்றின் முடிவிலே மரைன் டிரைவ் வீதி; அதற்கப்பால் புகையிரதப் பாதை; அதற்கப்பால் கடல். வகுப்பு நடக்கும் இடத்திலிருந்து எமது வீட்டுக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று காலி வீதியால் வந்து சந்தியிலே திரும்புவது. மற்றது உள் ஒழுங்கைகளால் வந்து ஒரு முடக்கிலே திரும்புவது. "காலி வீதியாலேயே வா, அங்கேதான் வெளிச்சமும் சனமும் இருக்கு" என்று நாம் கட்டளையிட்டோம். பதினான்கு வயது மகள் தலையை ஆட்டினாள். ஆயினும், நாள்தோறும் உள் வழியாலேயே வருகிறாள் என்பது ஒரு மாதத்தின் பின் தெரியவந்தது.

எமக்குக் கோபம் பொங்கியது. வகுப்பறையிலே சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா? "சொன்னதை ஏன் கேட்கவில்லை?" என்று அதட்டினோம்.

"அப்பா, சந்தியிலை பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்களுக்கு நடுவிலை ஒருத்தன் ஒவ்வொரு நாளும் நிக்கிறான். பின்னாலை வந்து ஏதோ சொல்லுறான். அவ்வளவு சனத்திலையும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லை. உள்ளாலை வந்தால் முதலாளி கடையிலை இருப்பார். நான் கடக்கும் வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பார்."

நாம் வாயடைத்து நின்றோம். மனையாளைப் பார்த்தோம். "அந்தச் சந்தி எங்களுக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் அவர். ஒரே வீட்டிலே இருந்துகொண்டு, ஒரே ஊரில் நாம் நடந்த தெருக்கள் வேறு, அவர்கள் நடந்த தெருக்கள் வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

முதலாளி என்று மகள் சொன்னவர், முடக்கிலே பெட்டிக்கடை வைத்திருக்கும் சிங்களப் பெரியவர். அவரை நாமே மறந்து போனதுதான் எம்மை அதிகம் சுட்டது.

1998 ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதிலே, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறித் திருகோணமலை வந்து, அங்கிருந்து கொழும்பை அடைந்தோம். அக்காலத்தில் எமக்கு வெளிச்சமே அச்சம். எங்கே விளக்கு பிரகாசமாக எரிந்ததோ, அங்கே சோதனைச் சாவடி இருக்கும். அடையாள அட்டையிலே பிறந்த இடத்தைப் படித்தவுடன் அடுத்த கேள்வி பிறக்கும். ஓர் இரவு இதே சந்தியில் எம்மை நிறுத்தி வைத்தார்கள். பொலிஸ் பதிவுக் கடதாசி அறையிலே கிடந்தது. எமக்கோ சிங்களம் பத்துச் சொல்லும் தெரியாது. யார் போய்ச் சொன்னார்களோ அறியோம். சாரத்தை மடித்துக் கட்டியபடி அந்த முதலாளி நடந்து வந்தார். இந்தப் பையன் எங்கள் ஒழுங்கையில் இருப்பவன், தினமும் என்னிடம் பாண் வாங்குபவன் என்று எடுத்துச் சொன்னார். அரைமணி நேரத்தின் பின் விட்டார்கள். "மல்லி, வீட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தது. சாவடிகள் படிப்படியாக மறைந்தன. ஒழுங்கைகளும் மாறின. விறாந்தையிலே கதிரை போட்டுக் குந்தியிருந்து போவோர் வருவோரை விசாரிக்கும் வீடுகள் இடிந்து, அடுக்குமாடிகள் எழுந்தன. அவற்றின் கீழ்த்தளத்தில் மனிதர் இல்லை; மோட்டார் வாகனங்களே நிற்கின்றன. தெருவைப் பார்த்த ஜன்னல்களுக்குப் பதிலாக உயர்ந்த மதில்கள். ஆகவேதான் உள் வழி ஆபத்தானது என்று நாம் முடிவு கட்டினோம். முடக்கிலே எஞ்சியிருந்த ஒரு கடை எம் கணக்கில் வரவில்லை.

அமெரிக்காவிலே ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961 ஆம் ஆண்டில் பெருநகரங்களைப் பற்றி எழுதிய நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். நடைபாதையைக் காப்பது பெரும்பாலும் பொலிஸார் அல்லர்; கடைக்காரரும் குடியிருப்போரும் தெருவின்மேல் வைத்திருக்கும் கண்களே என்பது அவர் கருத்து. 2022 ஆம் ஆண்டில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களை நினைத்துப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். ஒழுங்கை முழுதும் இருள். ஆயினும் வெக்கை தாங்காமல் மாடிகளிலிருந்து எல்லாரும் இறங்கித் தெருவிலே நின்றார்கள். முதலாளி ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்திருந்தார். பிள்ளைகள் அந்த இருளிலே ஓடி விளையாடினார்கள், ஒருவரும் அஞ்சவில்லை.

அடுத்த நாள் மாலை நாம் சந்திக்குச் சென்று நின்றோம். மகள் சொன்ன மனிதனும் நின்றான். அவனை நேராகப் பார்த்து, "யாருக்காக நிற்கிறீர்?" என்று கேட்டோம். பதில் சொல்லாமல் வந்த பஸ்ஸிலே ஏறிக்கொண்டான். அருகே ஓட்டோ தரிப்பிடத்துத் தம்பிமாரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர்கள் இப்பொழுது ஒரு கண் வைத்திருக்கிறார்கள். ஆனாலும், மகளை அவ்வழியால் வரும்படி நாம் மீண்டும் சொல்லவில்லை.

பின்னர் முதலாளியிடம் போனோம். நன்றி சொல்ல வாயெடுத்தபோது அவர் வேறு செய்தி சொன்னார். கடை நிற்கும் காணியும் விலைப்பட்டுவிட்டதாம். வருஷ முடிவுடன் அவர் மகனிடம் போய்விடுவார். அந்த விளக்கு அணைந்தால் முடக்கிலே மதில் மட்டுமே மிஞ்சும்.

இதற்கு எம்மிடம் முழு மருந்து இல்லை. எமது மாடியிலுள்ள பெற்றோர் சிலர் கூடிப் பேசினோம். காவலாளியின் கதிரையைப் படலைக்கு வெளியே போடுவித்து, மதிலிலே ஒரு மின்குமிழும் பூட்டுவித்திருக்கிறோம். வகுப்பு விடும் நேரத்தில் எம்மில் ஒருவர் முறைவைத்து முடக்கிலே நிற்கிறோம். முதலாளி இத்தனை வருஷம் தனியே செய்த வேலைக்கு இப்பொழுது ஆறு பேர் வேண்டியிருக்கிறது.

பெற்றோராகிய வாசகர்களே, பிள்ளைக்கு வழி சொல்லுமுன் அந்த வழியால் அந்த நேரத்தில் ஒருநாள் நடந்து பாருங்கள். அதற்கும் முன்னதாக, பிள்ளையைக் கேளுங்கள்.