லிஃப்ட் எந்தப் பக்கம்?

லாட்ஜில் அறை எடுக்கும்போது மற்றவர்கள் ஏசி வேலை செய்யுமா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "லிஃப்ட் எந்தப் பக்கம்?" ரிசப்ஷனில் இருப்பவர் கையைக் காட்டுவார். "அதுக்கு எதிர்ப்பக்கம் கடைசி ரூம் குடுங்க" என்பேன். அப்போது அவர் பார்வை கொஞ்சம் மாறும். மூலை அறையை விரும்பிக் கேட்கும் தனி ஆள் மீது நம்மூர் லாட்ஜ்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. "தனியாவா சார் வந்திருக்கீங்க?" என்று ஆதார் அட்டையை இன்னொரு முறை திருப்பிப் பார்ப்பார். தூங்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது.

ரத்தப் பரிசோதனைக் கருவிகளைச் சரிசெய்யும் வேலை எனக்கு. மாதத்தில் 12, 14 இரவுகள் வெளியூரில்தான். காலை ஏழு மணிக்கு லேபில் கூட்டம் சேருவதற்கு முன் கருவியைத் திறந்து, துடைத்து, காலிபரேட் செய்து, அது காட்டும் எண் சரிதானா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை நம்பி யாருக்கோ இன்சுலின் ஏற்றுவார்கள். பாதித் தூக்கத்தில் செய்கிற வேலை இல்லை. ஆகவே ராத்திரித் தூக்கத்தை நான் வேலையின் பகுதியாகவே வைத்திருக்கிறேன், ஸ்க்ரூடிரைவர் செட் மாதிரி.

நம்மூர் லாட்ஜில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரைபடமே போடலாம். ரோட்டைப் பார்த்த அறைக்கு வாடகை அதிகம், பால்கனி உண்டு, ஹாரனும் உண்டு. வாடகை குறைந்த உள் அறையின் ஜன்னல், கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்டிருக்கும் டக்டைப் பார்த்திருக்கும். அங்கே பஸ் சத்தம் இல்லை. ஆனால் நான்கு மாடிக் குளியலறைகளும் அதற்குள்தான் பேசிக்கொள்கின்றன. மூன்றாம் மாடியில் ஒருவர் காறித் துப்பினால் முதல் மாடியில் இருக்கிற நான் எச்சில் விழுங்குவேன். மேல் மாடி அறை என்றால் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி, விடியற்காலையில் மோட்டார். முதல் மாடி என்றால் கீழே பார்ட்டி ஹால். பழைய லாட்ஜ்களில் கதவுக்கு வெளியே ஆல்ட்ராப்பும் பூட்டும்தான். ஒருவர் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் அந்த மாடி முழுக்கத் தெரியும்.

இதற்கு மேல் நம்மிடம் ஒரு விசேஷம் உண்டு, 24 மணிநேர செக் அவுட். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தவர் மறுநாள் இரண்டு மணிக்குள் காலி செய்ய வேண்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் கண்ட நேரத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது பெரிய தர்மம். நானே எத்தனையோ முறை பயன்பெற்றிருக்கிறேன். ஆனால் அந்த லாட்ஜில் ராத்திரி என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த மணிக்கும் யாரோ ஒருவருடைய பெட்டிச் சக்கரம் டைல்ஸ் மேல் உருண்டுகொண்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. வணிகப் பகுதியில் 55. பத்துதானே கூட என்று தோன்றும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. லாட்ஜ்கள் பெரும்பாலும் இருப்பது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைத்தெருவில். ஆட்கள் தூங்குவதற்கென்றே கட்டிய கட்டடம், தூங்காதவர்களுக்கான கணக்கில் வருகிறது. அந்த 55கூட ஏட்டில்தான்.

ஆனால் சத்தத்தின் அளவு மட்டுமே தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நான் நம்பவில்லை. முன்பெல்லாம் திருச்சி மத்திய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தங்குவேன். அப்போது அது ராத்திரி முழுக்க ஓடிய இடம். "தஞ்சாவூர் தஞ்சாவூர் தஞ்சாவூர்" என்று கண்டக்டர் அடித்த குரலில் ஒரு தாளம் இருந்தது. நாலாவது தஞ்சாவூரில் எனக்குக் கண் சொருகிவிடும். அதே அறையில், பக்கத்து ரூமில் யாரோ ஒரு டம்ளரை மெதுவாக வைக்கிற சத்தத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. பழக்கமில்லாத இடத்தில் முதல் நாள் தூங்கியவர்களின் மூளையைப் பதிவு செய்து பார்த்தார்கள். வலது பாதி ஆழ்ந்து உறங்க, இடது பாதியின் ஒரு பகுதி அவ்வளவு ஆழத்துக்குப் போகவில்லை. வித்தியாசமான ஓசை ஒன்று கேட்டால் அந்தப் பாதிதான் சட்டென்று துடித்தது, ஆளை எழுப்பியது. அதே இடத்தில் இன்னொரு நாள் வந்து படுத்தபோது இந்த வேறுபாடு போய்விட்டது. டால்பின்கள் மூளையில் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறு பாதியை விழிக்கவைத்துக்கொண்டு நீந்தும். நம்மிடமும் அதில் சிறு மிச்சம் இருக்கிறது போல. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'முதலிரவு விளைவு' என்று வரும். மாதத்துக்குப் பதினான்கு முதலிரவு என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பு வாங்கியாகிவிட்டது. விஷயம் என்னவோ உண்மை. ஊர் மாறி ஊர் போகிறவனின் மண்டைக்குள் இருக்கிற வாட்ச்மேனுக்கு இரண்டாவது நாள் வருவதே இல்லை.

வாட்ச்மேனை ஏமாற்றத்தான் என் ஏற்பாடுகள் எல்லாம். ஒரே ஊருக்குப் போனால் ஒரே லாட்ஜ், முடிந்தால் ஒரே அறை. வீட்டுத் தலையணை உறை, வீட்டுப் போர்வை. கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கில், லாட்ஜில் தருகிற டர்க்கி டவலைச் சுருட்டி வைத்துவிடுவேன். காற்று நுழைகிற இடத்தில் சத்தமும் நுழையும். சுவரைத் தடிமனாகக் கட்டி என்ன பயன், கீழே ஒரு விரல்கடை திறந்திருந்தால்? ஏசி கூடியவரை வேண்டாம். ஓடுகிற சத்தத்தால் அல்ல, கம்ப்ரஸர் நிற்கிற அந்த 'டொக்'கால். சீலிங் ஃபேனை முழு வேகத்தில் விடுவேன். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை நடுவில் வைத்தால் சில ஃபேன்கள் 'ம்ம்ம்' என்று முனகும், முழு வேகத்தில் அது இல்லை. ஒரே சீராக ஓடும் ஃபேன் சத்தம் சின்னச் சின்ன ஓசைகளின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிடும். ஒயிட் நாய்ஸ் ஆப்புக்குக் காசு கட்டுகிற தம்பிகளைப் பார்க்கும்போது, அண்ணாந்து பாருங்கப்பா என்று சொல்லத் தோன்றும்.

பிறகு காதில் வைக்கிற ஃபோம் பிளக். பெட்டியில் 29, 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும். அது ஆய்வகக் கணக்கு. பலர் நுனியை மட்டும் காதில் செருகிவிட்டு, ஒண்ணும் பிரயோஜனமில்லை என்பார்கள். விரலால் உருட்டி, பீடி மாதிரி மெலிதாக்க வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது ஊதிப் பெருக்கும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். சரியாக வைத்தால் உங்கள் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வரும். அப்படியும் ஜெனரேட்டரின் உறுமலையும் கல்யாண மண்டப ஸ்பீக்கரின் பேஸையும் அது முழுதாக நிறுத்தாது. தாழ்ந்த ஒலி சுவரையும் கட்டிலையும் பிடித்துக்கொண்டு வரும்.

போன வருடம் வேலூரில் நான்கு நாள் வேலை. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் சந்துகளில் லாட்ஜ்கள் வேறு மாதிரி. அங்கே தங்குகிறவர்கள் பெரும்பாலும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் இருப்பார்கள். பெயர்ப் பலகைகளில் வங்காள எழுத்து. அறையிலேயே சமையல். காலை ஐந்து மணிக்குக் குக்கர் விசில், கடுகெண்ணெயில் மீன் வறுபடும் வாசனை. எனக்குக் கிடைத்ததும் கடைசி அறைதான்.

முதல் ராத்திரி ஒரு மணிக்கு முழிப்பு வந்தது. பக்கத்து அறையில் தட்டுகிற சத்தம். டப், டப், டப். கதவைத் தட்டுவது மாதிரி இல்லை, சுவரில் ஆணி அடிப்பது மாதிரியும் இல்லை. குழிவான ஏதோ ஒன்று. பத்து நிமிடம் போய் நின்றது. நாலு மணிக்கு மறுபடியும். பிளக் வைத்திருந்தும் கேட்டது. சுவரோடு ஒட்டிய கட்டில். இன்டர்காமை எடுத்து ரிசப்ஷனுக்கு அடிக்கலாமா என்று பார்த்தேன். என்னவென்று சொல்வது? யாரோ எதையோ தட்டுகிறார்கள்.

காலையில் அந்தக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார், எலும்பும் தோலுமாக. நாற்பது வயதுப் பெண் ஒருவர் உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்துக்கொண்டு அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். நுரையீரலில் சேர்ந்த சளியைக் கிளப்பிவிடுவதற்காக பிசியோதெரபிஸ்டுகள் சொல்லிக்கொடுப்பது அது. சிறிது நேரத்தில் அவர் இருமினார். அந்தப் பெண் பேசினைப் பிடித்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "தாதா, ராத்திரி தூக்கம் கெட்டுச்சா?" என்று இந்தியில் கேட்டார். நம்மூர்க் காதில் தாதா என்றால் வேறு பொருள். அவருக்கு அண்ணன். ஹெட் ஆபீஸிடம் பேசிப் பழகிய அரைகுறை இந்தியில், இல்லை தீதி, ஒன்றும் இல்லை என்றேன்.

அன்று ராத்திரியும் ஒரு மணிக்குத் தட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. தட்டு நின்று, இருமல் வந்து, சளி வந்துவிட்டது என்பது தெரிகிற மாதிரி ஒரு பெருமூச்சும் வந்தது. தூங்கிவிட்டேன். நாலு மணித் தட்டு எனக்குத் தெரியவே இல்லை. சத்தம் ஒரு டெசிபல்கூடக் குறைந்திருக்காது.

கிளம்புகிற அன்று காலையில் அவர் வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சந்தில் ஆட்டோ ஹாரன் நிற்பதே இல்லை, பகலில் இரண்டு மணிநேரம் படுக்கலாம் என்றால் முடியவில்லை என்றார். என் பையில் பிரிக்காத பிளக் இரண்டு ஜோடி இருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினேன். விரலால் அமுக்கிப் பார்த்தார், பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார். வைத்தால் எதுவுமே கேட்காதா என்று கேட்டார். பெரும்பாலும் கேட்காது என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

"அப்ப எனக்கு வேண்டாம் தாதா. அவர் மெதுவாத்தான் கூப்பிடுவார்."

திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. "அவருக்கு வைக்கலாமா?" என்றார்.

உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிளக்கை உருட்டி, அவர் காதை மேலே இழுத்துப் பிடித்து வைத்துக் காட்டினேன். அரை நிமிடம் விரலை எடுக்கக் கூடாது என்று சொன்னேன். மற்ற காதுக்கு அந்தப் பெண்ணே வைத்தார்.