திருப்பட்டூர்: விடை கேட்கச் சென்ற தலம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சமயபுரத்தைக் கடந்து சிறுகனூரை அடைந்தால், அங்கே பிரியும் கிளைச்சாலை ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் திருப்பட்டூரில் கொண்டு சேர்க்கும். திருப்பிடவூர் என்பது இவ்வூரின் பழம்பெயர். தேவார வைப்புத் தலங்களுள் ஒன்று. பிரம்மபுரீசுவரர் எழுந்தருளியிருக்கும் இத்திருக்கோயிலுக்கு வியாழக்கிழமைகளில் அன்பர் கூட்டம் அலைமோதும். வரிசையில் நெடுநேரம் நிற்க இயலாத முதியோர் வேறு கிழமைகளில், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன் சென்றுவிடுவது நலம். நண்பகலுக்குப் பின் நடை சாத்திவிடுவர். பிராகாரத்துக் கல்தரையும் அந்நேரத்தில் பாதத்தைச் சுட்டுவிடும்.

நாங்கள் மூவரும் ஒரு புதன்கிழமைக் காலையில் சென்றோம். நான், என் மனைவி, எங்கள் மகள். "தலையெழுத்தை மாற்றும் பிரம்மா" என்று இத்தலத்தைப் பலரும் சொல்லக் கேட்டு, மகளின் ஜாதகத்தைப் பிரம்மதேவரின் திருவடியில் வைத்து எடுக்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் விருப்பம். மகளுக்கோ வேறொரு கேள்வி இருந்தது. மாலை நேர வேலையைத் தொடர்வதா, விடுவதா என்பதே அது.

அவள் பகலில் ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறாள். முறையாக யோகாசனம் பயின்றவள் ஆதலால், ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் மாலை வகுப்பு எடுக்க அழைத்தார்கள். வாரத்தில் நான்கு மாலைகள், ஞாயிறு காலையில் முதியோருக்கு ஒரு வகுப்பு. தொடக்கத்தில் அவ்வேலை அவளுக்கு மருந்து போல இருந்ததை நாங்களே கண்டோம். கணக்கேடுகளோடு பகலைக் கழித்துவிட்டு, மாலையில் முகம் மலர்ந்து வீடு திரும்புவாள்.

நாளடைவில் கூடத்தின் போக்கு மாறியது. எடை குறைப்பதற்கென்று வேக வகுப்புகள் வந்தன. இசையை உரக்க ஒலிக்கவிட்டு, அதற்கு மேல் மைக்கில் கத்தி எண்ணிக்கை சொல்ல வேண்டும். எடுத்த வகுப்புக்கு மட்டுமே ஊதியம். ஆள் குறைந்தது என்று கடைசி நேரத்தில் வகுப்பை நிறுத்திவிட்டால், இரண்டு பேருந்து மாறிச் சென்றதற்கும் பலன் இல்லை. இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் நாளைய வகுப்பு பற்றிய செய்திகள் வரும். ஒரு முழங்கால் வலிக்கத் தொடங்கியது. குரலும் கம்மிப் போயிற்று. "ஊர் மூச்சையெல்லாம் எண்ணிச் சொல்லும் எனக்கு, என் மூச்சு எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை அப்பா" என்று ஒருநாள் சொன்னாள்.

விட்டுவிட்டால் என்ன என்று எளிதாகச் சொல்லிவிடலாம். என் மனைவி சொல்லவும் செய்தாள். ஆனால் பேரனின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்தப் பணம்தான் போகிறது. அதைவிடப் பெரிய தடை ஞாயிற்றுக்கிழமைப் பதினான்கு பேர். எல்லோரும் நம் வயதுக்காரர்கள். நாற்காலியில் அமர்ந்தபடி கை கால்களை அசைக்கவும், மூச்சைச் சீராக விடவும் அவர்களுக்கு அவள் கற்றுத் தருகிறாள். அவர்களுள் ஓர் அம்மையார் ஆறு ஆண்டுகளாகத் தரையில் அமராதவர். சென்ற நவராத்திரியில் கொலுவின் முன் அமர்ந்து, பிறர் கை கொடுக்காமல் எழுந்திருக்கிறார். அன்று மாலையே தாம்பூலத்தோடு என் மகளைத் தேடி வந்துவிட்டார். இப்படிப்பட்டவர்களிடம் போய் "இனி வரமாட்டேன்" என்று எவ்வாறு சொல்வது? இதுவே அவளுக்குக் கல்லாய்க் கனத்தது.

மூலவர் பிரம்மபுரீசுவரரைத் தரிசித்தோம். பங்குனியில் மூன்று நாள்கள் காலைக் கதிரவன் ஒளி வாயில்களையெல்லாம் கடந்து லிங்கத் திருமேனியில் படிவதை இங்கே விசேஷமாகக் கொண்டாடுவர். அம்பிகையின் திருநாமம் பிரம்ம சம்பத் கௌரி. அம்பாளை வணங்கிவிட்டுப் பிரம்மதேவர் சன்னதிக்கு வந்தோம்.

எத்தனையோ சிவாலயங்களின் கோஷ்டத்தில் நின்ற கோலத்தில் சிறியவராகப் பிரம்மாவைக் கண்டு பழகிய கண்களுக்கு இச்சன்னதி வியப்பளிக்கும். தாமரைமேல் பத்மாசனமிட்டுத் தியானத்தில் ஆழ்ந்த பெரிய திருமேனி. மேனி முழுவதும் மஞ்சள் காப்பு. தூணோரம் நின்று பார்த்தாலும் அந்த மஞ்சள் பொலிவு கண்ணை நிறைக்கும். அர்ச்சகர் ஜாதகத்தை வாங்கித் திருவடியில் வைத்து அர்ச்சனை செய்து, மஞ்சளைப் பிரசாதமாகத் தந்தார். என் மனைவியின் முகத்தில் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

தலபுராணத்தை அன்பர்கள் அறிந்திருக்கலாம். சிவபெருமானைப் போலத் தமக்கும் ஐந்து தலைகள் என்று செருக்குற்ற பிரம்மாவின் ஒரு தலையைப் பெருமான் கொய்தார்; படைப்புத் தொழிலும் பறிபோயிற்று. வேலை போனவர் பல தலங்கள் சென்று, இங்கே பன்னிரண்டு லிங்கங்களைப் பிரதிஷ்டை செய்து நெடுங்காலம் பூசித்தார். பெருமான் இரங்கி அவர் தொழிலைத் திரும்ப அளித்து, இங்கு வந்து வணங்கும் அடியார்களின் விதியை மங்களமாக மாற்றி எழுதவும் அருளினார் என்பது வரலாறு. அந்தப் பன்னிரண்டு லிங்கங்களையும் வளாகத்துள் தனித்தனிச் சன்னதிகளில் வழிபடலாம். பல்லவர் கலைப்பாணியில் அமைந்த கைலாசநாதர் சன்னதியை அவசரத்தில் தவறவிட்டுவிட வேண்டாம்.

வேலையை இழந்தவர் தவமிருந்து அதைத் திரும்பப் பெற்ற தலத்துக்கு, வேலையை விடலாமா என்று கேட்க வந்திருக்கிறோமே என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மனைவி அதைச் சகுனமாக எடுத்துக்கொள்வாள்.

இதே வளாகத்தில் பதஞ்சலி முனிவரின் ஜீவசமாதி என்று போற்றப்படும் இடம் உள்ளது. அங்கே சிலர் கண்மூடி அமர்ந்திருந்தார்கள். நாங்களும் அமர்ந்தோம். என் மகள் நெடுநேரம் கண் திறக்கவில்லை. பிறகு தணிந்த குரலில், "யோக சூத்திரத்தில் மொத்தம் 196 சூத்திரங்கள் அப்பா. அவற்றில் ஆசனத்தைப் பற்றி எத்தனை இருக்கும், சொல்லுங்கள்" என்றாள்.

"பாதியாவது இருக்காதா அம்மா?"

"மூன்றே மூன்று. அவையும் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. அசையாமலும் சுகமாகவும் இருப்பதே ஆசனம், முயற்சியைத் தளர்த்தினால் அது கைகூடும் என்கிறார். நான் மாலை முழுவதும் மைக்கில் கத்துவது அதற்கு நேர்மாறு."

யோகத்துக்கு இடையூறாக முனிவர் ஒன்பதைச் சொல்கிறார் என்பதையும் அவள்தான் விளக்கினாள். முதலாவது நோய். அடுத்தது மனச்சோர்வு. மூன்றாவது ஐயம். "முழங்கால் முதலாவதற்குச் சாட்சி. இரண்டாவது ஆறு மாதமாக இருக்கிறது. மூன்றாவதைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

பதஞ்சலியின் வரலாற்றில் ஒரு பகுதியை அவ்வேளையில் நான் அவளுக்கு நினைவூட்டினேன். பாற்கடலில் திருமாலைத் தாங்கும் ஆதிசேடனே பதஞ்சலியாக அவதரித்தவர். ஒருநாள் சிவபெருமானின் ஆனந்தத் தாண்டவத்தை நினைந்து திருமால் மகிழ்ச்சியில் திளைத்தபோது அவருடைய திருமேனி கனத்தது. என்றும் உணராத பாரத்தை உணர்ந்த சேடன் காரணம் கேட்டறிந்தான். அறிந்ததும் அத்தாண்டவத்தைத் தானும் காண வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. அதை மறைக்காமல் சுவாமியிடமே விண்ணப்பித்தான். சுவாமியும் மனமுவந்து விடைகொடுத்தார். பின்னர்த் தில்லைக்கு வந்து, வியாக்கிரபாதருடன் அந்தக் கூத்தைக் கண்டு பேறு பெற்றார் பதஞ்சலி. இவ்விருவரும் திருமூலரும் நந்தியெம்பெருமானின் மாணாக்கர்கள் என்று நம் சைவ மரபு கொள்ளும்.

அனந்தசயனத்தை விடவும் உயர்ந்த பணி உலகில் உண்டா? அதிலிருந்து விடைபெற ஒருவன் கேட்டான் என்பதும், கேட்டதற்காகக் கடிந்துகொள்ளப்படவில்லை என்பதும் எனக்கு எப்போதுமே இக்கதையின் இனிய பகுதிகள். நம் தலைமுறையில் ஒரு வேலையில் அமர்ந்தால் ஓய்வு பெறும் நாள்வரை அங்கேயே இருப்பது ஒழுக்கம் என்று வளர்ந்தோம். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே துறையில் இருந்தேன். அந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு இன்றைய பிள்ளைகளின் வேலைகளை அளக்க முடியாது. அவர்களுடைய வேலையில் ஓய்வூதியமும் இல்லை. மருத்துவ விடுப்பும் இல்லை.

"சேடனுக்குப் பதிலாக யார் தாங்கினார்கள் தாத்தா என்று உன் பேரன் கேட்பான்" என்றாள் மகள். நல்ல கேள்விதான். பதில் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி யாரைப் பற்றியது என்று எங்கள் மூவருக்கும் விளங்கியது.

தலவிருட்சமான மகிழமரத்தின் நிழலில் சிறிது இளைப்பாறிவிட்டு, ஊருக்குள் இருக்கும் மற்ற கோயில்களுக்குச் சென்றோம். பிரம்மாவைத் தரிசித்த கையோடு வாகனத்தில் ஏறிவிடுவோர் இவற்றைக் காணாமலேயே திரும்புகின்றனர். ஐயனார் கோயில் அவற்றுள் ஒன்று. சுந்தரர் வெள்ளை யானைமீது கயிலைக்குச் சென்றபோது, சேரமான் பெருமாள் குதிரைமீது உடன்சென்று, இறைவன் திருமுன் திருக்கயிலாய ஞான உலாவைப் பாடினார். அங்கே அதைக் கேட்ட மாசாத்தனார் திருப்பிடவூருக்கு எழுந்தருளி உலகறிய வெளிப்படுத்தினார் என்பது பெரியபுராணம் காட்டும் செய்தி. அரங்கேற்றிய ஐயனார் என்று அவரை வழங்குகின்றனர். திருக்கரத்தில் சுவடி ஏந்தியிருக்கும் ஐயனாரை வேறெங்கும் நான் கண்டதில்லை.

காசி விசுவநாதர் கோயிலும் இவ்வூரில்தான் உள்ளது. வியாக்கிரபாதரின் சமாதி இங்கே இருப்பதாகக் கொள்கின்றனர்; அருகில் உள்ள தீர்த்தத்துக்குப் புலிப்பாய்ச்சி என்று பெயர். பொழுது புலர்ந்து வண்டு தீண்டுமுன் மலர் பறித்துச் சிவபூசை செய்ய விரும்பிய முனிவர் அவர். பனியில் நனைந்த மரங்களில் கால் வழுக்காதிருக்கப் புலியின் பாதங்களையும், இருளில் தெளிவாகக் காணக் கண்களையும் வேண்டிப் பெற்றார்.

அக்குளக்கரையில் என் மகள் நின்றுவிட்டாள். "இவர் பூப்பறிப்பதை விட்டுவிடுகிறேன் என்று கேட்கவில்லை. வழுக்காத கால் கேட்டார்" என்றாள். சற்றுப் பொறுத்து, "எனக்கு வழுக்குவது மாலை வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை வழுக்கவில்லை" என்றாள்.

என் மனைவி, "பிரம்மா எழுதிவிட்டார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் குறுக்கே பேசவில்லை. யார் எழுதினார் என்று வழக்காடுவதற்கு அதுவா இடம்?

சமயபுரத்தில் மாரியம்மனைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் முடிவு உருவாயிற்று. மாத இறுதியோடு மாலை வகுப்புகளை நிறுத்திக்கொள்வது. ஞாயிறு வகுப்பை மட்டும் தொடரக் கேட்பது. எந்த முடிவாயினும் பதினான்கு பேரிடமும் நேரில் தானே சொல்வது, வாட்ஸ்அப்பில் சொல்வதில்லை. பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வாண்டு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பகுதியைத் தருவதாகச் சொன்னேன். கடனாக மட்டுமே வாங்குவேன் என்றாள். சரி என்றேன்.

கூடத்தினர் ஞாயிறு வகுப்பை மட்டும் தர இசையவில்லை. நான்கு மாலையும் சேர்ந்தால்தான் என்றனர். அவள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் முழுவதும் வகுப்பெடுத்து, தனக்குப் பின் வரும் ஆசிரியைக்கு முதியோர் ஒவ்வொருவரின் மூட்டுவலியையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துத் தந்துவிட்டு விடைபெற்றாள். கடைசி ஞாயிறன்று கொலுவின் முன் அமர்ந்த அந்த அம்மையார் மிகவும் அழுதாராம்.

இது நடந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. பதினான்கு பேரில் ஒன்பது பேர் தங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கூடத்தில் நாற்காலி போட்டு வைத்திருப்பதாகவும், அவள் எப்போது வந்தாலும் சரி என்றும் சொல்லி அனுப்பியிருக்கின்றனர். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்கு வீட்டு விளக்கை ஏற்றிவிட்டு, பூசையறையின் முன் பாய் விரித்து, எண்ணாமல் மூச்சு விடுகிறாள். முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது.