வேண்டாதவற்றை நீக்கினோம்

வீடு கூட்டுதல் எளிது. கூட்டிய குவியலுள் எதனை எறிவது, எதனை வைத்திருப்பது என்று துணிதலே அரிது. இதனை எமக்குப் போதித்தது எம் வீட்டு முற்றமன்று. நாம் கற்பிக்கும் கல்லூரியின் கணினி அறையேயாகும்.

அங்குள்ள கணினியொன்றிற் பல்லாண்டுக் கோப்புறைகள் குவிந்து கிடந்தன. கல்லூரியை விட்டகன்ற மாணவரின் செயற்றிட்டங்கள், முடிந்துபோன விளையாட்டுப் போட்டிகளின் படங்கள், எவர் எதற்காகத் தொடங்கினார் என்று எவருமே அறியாத வெறுங் கோப்புறைகள் என அவை பலவகைப்பட்டன. வன்தட்டில் இடம் அருகிற்று. ஆண்டு மலரைத் தொகுக்கும் பொறுப்பும் எம்முடையதாகையால், துப்புரவுப் பணியை நாமே ஏற்றோம்.

நாம் பட்டதாரியே; ஆனால் தமிழிற் பட்டம் பெற்றோமன்றிக் கணினியியலிலன்று. ஆயினும் முயற்சியிற் குறைவில்லை. இரண்டு பிற்பகல்கள் அமர்ந்து ஒவ்வொரு கோப்புறையையும் திறந்து பார்த்து, வேண்டாதவை 143 இன் பெயர்களை ஓர் உரைக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதினோம். அப்பட்டியலை வரிவரியாகப் படித்து, அவ்வப் பெயருள்ள கோப்புறையை நீக்குமாறு விண்டோசுக்குச் சிறியதொரு கட்டளைக் கோப்பும் எழுதினோம். நீக்குங் கட்டளை ஒவ்வொரு முறையும் ‘உறுதிதானா?’ என்று கேட்கும் இயல்புடையது. 143 முறை விடையிறுக்கப் பொறுமையின்றி, ‘கேளாதே’ என்னும் குறியையும் சேர்த்துவிட்டோம்.

கட்டளை ஓடியது. ‘அப்பெயரில் எதுவுமில்லை’ என்னும் பொருள்பட இடையிடையே சில வரிகள் திரையில் விரைந்து மறைந்தன. அவற்றை நாம் பொருட்படுத்தவில்லை. பணி முடிந்த மகிழ்ச்சியுடன் மலர்க் கோப்புறையைத் திறக்கப் போனோம். அது அங்கு இல்லை. மீள்சுழற்சித் தொட்டியிலும் இல்லை. இக்கட்டளை நீக்குபவை அத்தொட்டிக்குச் செல்வதில்லை. மாணவர் எழுதிய 31 ஆக்கங்கள் அதனுள் இருந்தன. தட்டச்சு செய்தாயிற்றென்று கையெழுத்துத் தாள்களையும் முன்னரே எறிந்திருந்தோம்.

அருகில் நின்ற உயர்தர வகுப்பு மாணவனொருவன், “சேர், இனி இந்தக் கணினியிலை ஒண்டும் எழுதாதேங்கோ” என்றான். நீக்கப்பட்டவை வன்தட்டினின்றும் உடனே அழிவதில்லை; அவை இருந்த இடம் ‘வெற்றிடம்’ என்று குறிக்கப்படுகின்றது, அவ்வளவே. புதியது எதுவும் அவ்விடத்தில் எழுதப்படுமுன் முயன்றால் மீட்கலாம் என்பது அவன் கருத்து.

காரணத்தையும் அவனே கண்டான். எம் பட்டியலில் ‘மலர் பழையது’ என்றொரு பெயர் இருந்தது. அப்பழைய கோப்புறை நீங்காமல் அப்படியே இருக்க, ‘மலர்’ என்பதே மறைந்திருந்தது. வரியைப் படிக்கும் கட்டளை, வேறு கூறாவிடின், இடைவெளியைக் கண்டவிடத்து நின்று முதற் சொல்லை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ‘டிலிம்ஸ்’ என்று எழுதிச் சமக்குறியிட்டு, அதன்பின் ஒன்றுமின்றி விட்டிருந்தால், வரி முழுவதும் ஒரே பெயராகக் கொள்ளப்பட்டிருக்கும். நீக்குங் கட்டளையில் அப்பெயரை இரட்டை மேற்கோட் குறிகளுள் இடுதலும் வேண்டும். சொற்களை எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்று இருபதாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் போதித்து வரும் நாம், ஓர் இடைவெளியிலே தோற்றோம்!

30 ஆக்கங்கள் மீண்டன, ஒன்று மீளவில்லை. அது பதினோராந் தரத்து மாணவியொருத்தி தன் அம்மம்மாவைப் பற்றி எழுதியது. அவளை அழைத்து நடந்ததைக் கூறினோம். “பரவாயில்லைச் சேர், திரும்ப எழுதித் தாறன்” என்று அவள் சொன்னபோது, அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எம்மால் இயலவில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது நாமும் பள்ளி மாணவன். எம் தந்தையார் ஒரே பையில் எதனை எடுப்பது, எதனை விடுவது என்று நெடுநேரம் நின்றார். அன்று விட்டவை காலத்தின் கொடுமையால் விட்டவை. இன்று இழந்ததோ எமது அவசரத்தால் இழந்தது. முன்னதைச் சொல்லி ஆறலாம், பின்னதற்கு ஆறுதலில்லை.

இப்போது எமது முறை வேறு. நீக்குங் கட்டளைக்கு முன் ‘எக்கோ’ என்னும் சொல்லை இடுவோம். அப்போது கணினி எதனையும் நீக்காது. எதை நீக்கப் போகின்றது என்பதைத் திரையில் எழுதிக் காட்டும். அதனை வரிவரியாகப் படிப்போம். பின்னரும் நீக்காமல், வேறொரு கோப்புறைக்கு மாற்றி ஒரு மாதம் வைத்திருப்போம். எவரும் தேடி வராவிடின் அப்பால் நீக்குவோம். மலருக்குரியவற்றின் பிரதியொன்று வேறொரு தட்டிலும் இருக்கும். மாணவச் செல்வங்களும் இவ்வாறே செய்வாராக.

மாணவி மீண்டும் எழுதித் தந்த கட்டுரையே மலரில் அச்சேறிற்று. அது நன்றாகவே இருந்தது. முதற் கட்டுரையைப் படித்தவர் அவளையன்றி நாம் ஒருவரே. அதில் ஒரு வரியேனும் இன்று எம் நினைவில் இல்லை.