பத்துக் கேள்விகள்

எங்கள் காலத்தில் பொது அறிவு என்றால் வேலைக்கான தேர்வுக்காகப் படிப்பது. இப்போது அதையே பொழுதுபோக்காக, மேசைக்கு நாலைந்து பேராக உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் விளையாடுகிறார்கள். 'பப் குவிஸ்' என்று பெயர். இங்கிலாந்தில் 1970களில் பரவிய பழக்கம். கூட்டம் குறைந்த இரவுகளில் ஆள் சேர்க்க மதுக்கடைக்காரர்கள் கண்ட வழி அது. நம் நாட்டில் வினாடி வினா வேறு வாசல் வழியாக வந்தது. 1967-ல் கல்கத்தாவில் ஒரு தேவாலயக் கூடத்தில் நீல் ஓ'பிரையன் நடத்தியதைத்தான் முதலாவது என்று சொல்வார்கள். அப்புறம் வானொலியில் போர்ன்விட்டா, 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு, 2000-ல் அமிதாப் பச்சனின் கோடீசுவரன் என்று வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

நான் பார்த்தது வேறு. பிரெஞ்சில் படித்தவன் ஆகையால், டிவி5 வந்த பிறகு ழூலியன் லெபேர் நடத்திய 'கெஸ்தியோன் பூர் அன் ஷாம்பியோன்' நிகழ்ச்சியை விடாமல் பார்ப்பேன். அவர் கேள்வியை முடிக்கும் முன் நான் பதில் சொல்லிவிடுவேன். "யாருக்கு உரக்கச் சொல்றீங்க, அந்த ஆளுக்குக் கேக்கவா போகுது?" என்பாள் என் மனைவி.

இதெல்லாம் தெரிந்துதான் என் அண்ணன் பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூருக்கு வந்தான். அவனும் நண்பர்களும் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை டவுனில் ஒரு பப்பில் வினாடி வினா நடத்துகிறார்களாம்.

"சின்னத் தாத்தா, இந்தத் தடவை நம்ம ஊரைப் பத்தியே ஒரு சுற்று வைக்கிறோம். பத்துக் கேள்வி நீங்கதான் தரணும். ஒண்ணு நானே எழுதிட்டேன்" என்று போனை நீட்டினான். 'புதுச்சேரி எப்போது விடுதலை அடைந்தது?' என்று இருந்தது.

"இதுக்கு என்னடா பதில் வச்சிருக்கே?"

"1954 நவம்பர் 1. சரிதானே?"

"சரிதான். ஆனா 1962 ஆகஸ்டு 16-னு ஒருத்தன் எழுதினா அவனுக்கு மார்க் உண்டா, இல்லையா?"

முழித்தான். இந்த வாரம் எழுத உட்கார்ந்தது அந்த முழிப்பைப் பற்றித்தான். மற்ற கேள்விகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் படித்த பள்ளியில் பூகோளம் என்றால் பிரான்சுதான். லுவார், சேன், கரோன், ரோன் என்று நதிகளை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். பிரான்சின் நீளமான ஆறு லுவார். 1,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். தினமும் பள்ளிக்குப் போக நாங்கள் கடந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று மட்டும் எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. அதனால் முதல் கேள்வி: வில்லியனூர் வழியாக ஓடும் சங்கராபரணி எங்கே தொடங்குகிறது? விடை, செஞ்சி மலைப் பக்கம். செஞ்சியாறு என்று இன்னொரு பெயர் அதனால்தான்.

இரண்டாவது: புதுச்சேரி மாவட்டத்தில் எத்தனை கொம்யூன் பஞ்சாயத்துகள்? பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் என்று ஐந்து. டவுன்காரர்களுக்கு இது தெரியாது என்று பந்தயமே கட்டினேன்.

மூன்றாவது: புதுச்சேரி மாநில எல்லைக்குள் நின்றபடியே அரபிக்கடலில் கால் நனைக்க வேண்டுமானால் எங்கே போக வேண்டும்? மாகே. கேரளத்துக்கு நடுவில் இருக்கும் நம் துண்டு. காரைக்கால் தமிழ்நாட்டுக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். இப்படி சிதறிக் கிடக்கும் ஆட்சிப் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் மாற்றல் உத்தரவின் அருமை தெரியும்.

நான்காவது: பாரதி பூங்கா நடுவிலுள்ள ஆயி மண்டபம் எந்த பிரெஞ்சு மன்னர் காலத்தில் கட்டியது? மூன்றாம் நெப்போலியன். இந்தக் கேள்வியில் விடையைவிட அதன் பின்னாலுள்ள கதை பெரிது. ஆயி ஒரு தாசி. விளக்கு வெளிச்சத்தில் அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்து அரசர் கும்பிட்டாராம். விவரம் தெரிந்ததும் வீட்டை இடிக்கச் சொன்னாராம். அவளே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாகச் சொல்வது. முத்திரப்பாளையத்திலிருந்து டவுனுக்குக் குடிநீர் வந்தபோது அவள் பெயரில் மண்டபம் எழுந்தது.

ஐந்தாவது எங்கள் ஊர்ப் பெருமை. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கு வடம் பிடித்துத் தொடங்கி வைப்பவர் யார்? அன்று பிரெஞ்சுக் கவர்னர், இன்று துணைநிலை ஆளுநர். துரை போய்விட்டாலும் வடம் பிடிக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை.

ஆறாவது பாகூருக்கு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில், மூன்று ஊர்களின் வருமானம் பாகூரில் எதற்குப் போயிற்று? கோயிலுக்கு என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். பாகூர்ச் செப்பேடு சொல்வது ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விச் சாலைக்கு. நான் பிறந்தது பாகூர்ப் பக்கம். பக்கத்தில் அப்படி ஒரு கல்விச்சாலை இருந்தது என்று வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளியில் லுவார் ஓடிக்கொண்டிருந்தது.

ஆக ஆறு. மிச்சம் நாலு. பேரன் எழுதி வந்த ஒற்றைக் கேள்வியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நாலாக எழுதிக் கொடுத்தேன். கேள்வி தெளிவாக இருந்தால் பதில் ஒன்றுதான் இருக்கும். பதில் இரண்டானால் பெரும்பாலும் கேள்வியில்தான் ஓட்டை. அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குறிப்பு எழுதியவனுக்கு இது பழகிய விஷயம்.

ஏழாவது: பிரெஞ்சு ஆட்சி நீடிப்பதா, இந்தியாவோடு சேர்வதா என்று 1954 அக்டோபர் 18 அன்று வாக்கெடுத்தது எந்த ஊரில்? வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூர். ஓட்டுப் போட்டவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள். சேர்வதற்கு 170, எதிர்த்து 8.

எட்டாவது: நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த நாள்? 1954 நவம்பர் 1.

ஒன்பதாவது: சட்டப்படி நாம் இந்தியா ஆன நாள்? 1962 ஆகஸ்டு 16. ஒப்பந்தத்தில் 1956 மே 28 அன்றே கையெழுத்தாகிவிட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர ஆறு வருடம். அல்ஜீரியப் போர் முடிந்த பிறகுதான் அந்தக் காகிதம் நகர்ந்தது. அந்த எட்டு வருடமும் போலீஸ் நம்முடையது, தபால்தலை நம்முடையது, சட்டப்படி மண் மட்டும் அவர்களுடையது.

பத்தாவது கேள்வியை எழுதும்போது கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். 1962 ஆகஸ்டு 16 முதல், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க எத்தனை மாத அவகாசம்?

விடை, ஆறு மாதம். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் சும்மா இருந்தால் இந்தியர். எழுதிக் கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சுக்காரர். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா எடுத்த முடிவுதான் முடிவு.

எனக்கு அப்போது பதின்மூன்று. என் சித்தப்பா சொல்தா, இந்தோசீனாவில் இருந்து திரும்பியவர். அவர் போய்க் கையெழுத்துப் போட்டார். அப்பாவையும் கூப்பிட்டார். கெடு முடிந்தது 1963 பிப்ரவரி நடுவில்; அது சம்பா அறுப்பு நேரம். "என் நிலம் இங்கே இருக்கு, எனக்கு எதுக்குடா காகிதம்?" என்று அப்பா களத்தைவிட்டு நகரவில்லை. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்ட அண்ணன் தம்பி இரண்டு தேசத்தவர் ஆனார்கள். சித்தப்பா பிள்ளைகள் துலூஸில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கி, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். நான் படித்தது பிரெஞ்சு, பார்த்தது இந்திய அரசு வேலை.

அப்பா செய்தது சரியா, சித்தப்பா செய்தது சரியா என்று எங்கள் வீட்டில் நாற்பது வருடம் பேசினார்கள். சித்தப்பா அனுப்பிய பிராங்கில் ஓட்டு வீடு மாடி வீடானபோது ஒரு மாதிரிப் பேச்சு. அவர் செத்தபோது பிள்ளைகள் வந்து சேர இரண்டு நாள் ஆனதும் வேறு மாதிரிப் பேச்சு. இதற்கு ஒரு விடையை விடைத்தாளில் எழுத முடியாது. எத்தனை மாதம் என்பதை மட்டும்தான் கேட்க முடியும்.

வேலையில் இருந்தபோது, பழைய பிரெஞ்சுப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவன் என்று பலர் என்னிடம் வருவார்கள். எத்தா சிவில் நகலில் தாத்தா பெயரைத் தேடச் சொல்வார்கள். சிலருக்கு அந்த ஒரு வரியில் எதிர்காலமே இருந்தது. தேடி, தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை என்று தெரிந்து, காகிதத்தை மடித்துக்கொண்டு பேசாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேரன் வற்புறுத்தியதால் அந்தச் சனிக்கிழமை நானும் போனேன். எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தான். பாட்டுச் சத்தம்தான் கொஞ்சம் அதிகம். பதினோரு மேசை. போனைத் தொடக் கூடாது என்று கண்டிப்பு. மாகேயைப் பாதிப் பேர் எழுதினார்கள். கொம்யூன் பந்தயத்தில் நான் ஜெயித்தேன். கீழூரை இரண்டே மேசைகள் எழுதின. பத்தாவதுக்கு ஒரு வருடம், மூன்று வருடம், அவகாசமே இல்லை என்றெல்லாம் வந்தது. ஆறு மாதம் என்று எழுதியது ஒரு மேசைதான்.

விடை சொன்னதும் ஒரு பெண் எழுந்து, "அவ்வளவுதானா? அதுக்கப்புறம் மாத்திக்க முடியாதா?" என்று கேட்டாள். அவள் பாட்டியிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டாம், பாட்டியின் தங்கையிடம் கிடையாதாம். ஏன் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லையாம். பேரன் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். தெரிந்ததைச் சொன்னேன். பாட்டைக் குறைத்தார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் 1962-ல் யார் எழுதிக் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை, ஏன்? தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சிறுவனாக இருந்த எனக்கே எழுபத்தாறு ஆகிறது.