"போய்ப் பார்!" என்றது மனசு

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு நிறத்தில் சின்னப் பெயர்ப்பட்டை... இப்படி இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடந்து போகும் வெள்ளைக்காரப் பையன்களை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். 'மார்மன் பாதிரிகள்' என்பார்கள். உண்மையில் அவர்கள் பாதிரிகள் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, மதத் தொண்டுக்கென்று வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளைகள். அவர்களில் பெண்பிள்ளைகளும் உண்டு என்பது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு நாங்கள் குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

யூட்டாவிலுள்ள சால்ட் லேக் சிட்டிதான் அவர்களுக்குத் தலைமையிடம். 1830-ல் ஜோசப் ஸ்மித் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை அது. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது முழுப்பெயர். அந்தப் பெயரையே சொல்லுங்கள், 'மார்மன்' வேண்டாம் என்று 2018-ல் அவர்கள் தலைவர் கேட்டுக்கொண்டார். ஆனாலும் வெளியில் பழைய பெயர்தான் நிலைத்துவிட்டது. காபி, டீ கிடையாது. மது, புகையிலை அறவே கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு உபவாசமிருந்து, அந்தச் சாப்பாட்டுக்கு ஆகிற பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் ஏகாதசி இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்து வீட்டம்மாவுக்கு ஐந்து குழந்தைகள். மூத்தவள் 19 வயதில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு ஊழியத்துக்குக் கிளம்பினாள். அப்போது என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு இது ஜீரணமாகவே இல்லை.

"ஏம்மா, வயசுப் பொண்ணு! கண்காணாத தேசத்துக்கு ஒண்டியா அனுப்பிட்டு, பெத்தவ எப்படித் தூங்குறா?"

"ஒண்டியா இல்லே அத்தை. எப்பவும் ரெண்டு பொண்ணுங்க சேர்ந்தேதான் இருக்கணுமாம். கடைக்குப் போனாக்கூட ஜோடியாத்தான் போகணுமாம்."

"எத்தனை நாளைக்கு?"

"பதினெட்டு மாசம்."

அத்தை முகவாயில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் உள்ளூர அதே கேள்விதான். என் பெண்ணும் இன்னும் சில வருஷங்களில் படிப்புக்காக வெளியூர் போகப் போகிறவள்தானே!

சொந்தக் காசில் ஊழியம்

எந்த ஊருக்குப் போவது என்பதைப் பிள்ளைகள் தீர்மானிப்பதில்லை. தலைமையிடம்தான் தீர்மானிக்கும். பனி கொட்டும் தேசமோ, வெயில் கொளுத்தும் தீவோ, வந்த இடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். பெண்கள் 21 வயதுக்குப் பிறகே போகலாம் என்றிருந்ததை 2012 அக்டோபரில் 19 ஆகக் குறைத்தார்கள். ஆண்களுக்கு 19 என்பது 18 ஆயிற்று. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 என்றே அறிவித்துவிட்டார்கள்.

திருமணமாகாத பெண்கள் இப்படிப் போவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. ஐனெஸ் நைட், ஜெனி பிரிம்ஹால் என்ற இரண்டு யூட்டாப் பெண்கள் 1898-லேயே கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிருக்கிறார்கள்!

சம்பளம்? ஒரு காசு கிடையாது. செலவும் அவரவருடையதே. மாதம் 400 டாலராக இருந்தது, 2020 ஜூலையில் 500 டாலர் ஆயிற்று. பதினெட்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 9,000 டாலர். பக்கத்து வீட்டுப் பெண் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தும், அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் பாதிப் பணத்தைத் தானே சேர்த்துவிட்டாள். மீதியைப் பெற்றோர் கொடுத்தார்கள்.

வாளியும் சொம்பும்

அவளுக்குக் கிடைத்த இடம் பனாய் தீவிலுள்ள இலோய்லோ. பேச வேண்டிய மொழி ஹிலிகாய்னோன். பெயரைக் கூட அதுவரை கேட்டிராத மொழி! பயிற்சி நிலையத்தில் சில வாரம் அதைப் படித்துவிட்டுப் போனாள். கூடத் தங்கியவள் அந்த நாட்டிலேயே வேறொரு தீவில் பிறந்த பெண். அவளுக்கும் அந்த மொழி புதிதுதான்.

வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்குக் கடிதம் எழுத என்று விட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் அன்னையர் தினத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் வீட்டோடு பேசலாமாம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை பேசலாம் என்று ஆயிற்று. அங்கே திங்கள் காலை என்றால் இங்கே ஞாயிறு மாலை. பேசி முடித்த மறுநாள் பக்கத்து வீட்டம்மா என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். கையில் பெண்ணின் கடிதம்.

காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி, குளியல், ஜெபம், வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. அப்புறம் வெயிலில் இறங்கி நடை. இரவு பத்தரைக்கு விளக்கணைத்துவிட வேண்டும். சினிமா இல்லை, டிவி இல்லை, காதல் கீதல் கிடையவே கிடையாது. முதல் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் இல்லை. குடும்பப் பெயரோடு 'சிஸ்டர்' என்று சேர்த்துத்தான் எல்லாரும் அழைப்பார்கள்.

'இங்கே ஷவர் இல்லை அம்மா. பெரிய வாளியில் தண்ணீர், தாபோ என்று ஒரு சின்னப் பாத்திரம். மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்கிறோம்' என்று அதிசயமாக எழுதியிருந்தாள்.

"நாங்க பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் குளிக்கிறோம்!" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

இன்னொரு கடிதத்தோடு ஒரு படம் வந்தது. கோழி, இஞ்சி, பப்பாளிக்காய் போட்ட 'தினோலா' என்ற சூப்பில் குட்டிக் குட்டியாய்ப் பச்சை இலைகள். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊற வேண்டுமென்று இதைக் கொடுப்பார்களாம். உற்றுப் பார்த்தால்... நம்ம முருங்கைக்கீரை! அங்கே 'மலுங்காய்' என்கிறார்கள். "அட, நம்ம கீரை அந்த ஊருக்கும் போயிருக்கே!" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். பெரியவர்களைக் கண்டால் அவர்கள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து ஆசி வாங்குவது அங்கே வழக்கம் என்றதும், "நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கு அந்தப் பொண்ணு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"வந்துடட்டுமா அம்மா?"

மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. பக்கத்து வீட்டம்மா வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

முதல் நாள் பெண் அழுதிருக்கிறாள். மொழி வரவில்லை. கதவைத் தட்டினால் பாதிப் பேர் திறப்பதில்லை. வயிறு வேறு கெட்டுக் கிடந்தது. "வந்துடட்டுமா அம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவாள். உடம்புக்கு முடியாமலோ மனசு தாங்காமலோ பாதியில் திரும்புகிற பிள்ளைகள் உண்டு. அது பாவமும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் 'வா' என்றால், நம் பெண்ணால் முடியவில்லை என்று அம்மாவே முடிவுகட்டியதாக ஆகிவிடுமோ? 'இரு' என்றால், தவிக்கிற குழந்தையைத் தள்ளிவிட்டதாக ஆகிவிடுமோ? சொல்லுங்கள், நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"நான் ரெண்டும் சொல்லலே" என்றார் அவர். "'முதல்ல டாக்டர்கிட்ட போய் வயிற்றைக் காட்டு. ரெண்டு நாள் நல்லாத் தூங்கு. அப்புறம் யோசிச்சு நீயே ஒரு முடிவு எடு. எடுத்துட்டுக் கடவுள்கிட்ட கேளு, சரியான்னு'ன்னு சொன்னேன்."

இது அவர்கள் சபையில் வெகுகாலமாகச் சொல்லிவரும் வழி. சும்மா கேட்டால் பதில் வராதாம். முதலில் நாமே மண்டையைக் குடைந்து யோசிக்க வேண்டும். எடுத்த முடிவு சரியென்றால் நெஞ்சுக்குள் ஓர் இதம் பரவும். தவறென்றால் குழப்பமே மிஞ்சும். இந்த மாதிரி உள்ளிருந்து வருவதைத் 'தூண்டுதல்' என்கிறார்கள். பைபிளில் எலியா என்ற தீர்க்கதரிசியின் கதை உண்டு. பெருங்காற்று அடிக்கிறது, பூமி அதிர்கிறது, நெருப்பு எரிகிறது. எதிலும் கடவுள் இல்லை. அதற்குப் பிறகு மெல்லிய ஒரு சத்தத்தில் வந்தாராம். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்கத்தான் காலையில் அத்தனை ஒழுங்கும் அமைதியும்.

அடுத்த வாரக் கடிதத்தில் நாலே வரி. 'குரல் எதுவும் கேட்கவில்லை அம்மா. இருந்துவிடுவோம் என்று முடிவு பண்ணினேன். அன்றைக்கு ராத்திரி அழாமல் தூங்கினேன். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.'

துவைத்துப் போட்ட துணிகள்

ஏழாம் மாதம் வந்த கடிதத்தை என்னால் மறக்க முடியாது.

மத்தியான வெயில். வரச்சொன்ன வீட்டில் ஆள் இல்லை. அறைக்குத் திரும்பும்போது, இரண்டு வாரம் முன்பு 'வேண்டாம்' என்று கதவைச் சாத்திய ஒரு பெண்ணின் முகம் அவள் மனசில் வந்து நின்றிருக்கிறது. 'போய்ப் பார், போய்ப் பார்' என்று நச்சரிப்பு. கூட வந்தவளுக்குக் கால்வலி. ஆனாலும் போனார்கள்.

கதவு திறந்தே கிடந்தது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். கணவன் கப்பலில் வேலை. குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் பக்கத்திலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எடுக்கக்கூடத் தோன்றாமல். மூலையில் துணி மலை.

இவர்கள் மதம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட வந்தவள் குழந்தையை எடுத்துத் தாயின் மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இவள் தண்ணீர் இறைத்து அத்தனை துணியையும் கையால் துவைத்து உலர்த்தினாள். பிறகு அந்தத் தாயின் அக்கா இருக்கும் இடத்தைக் கேட்டு, ஆளனுப்பி வரவழைத்தார்கள். அக்கா அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

இளம் தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். பிரசவமான முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை மேல் ஒட்டுதலே வராவிட்டால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. வைத்தியம் செய்தால் குணமாகிற நோய். தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாமா என்று நினைப்பு வந்தால் அன்றைக்கே போக வேண்டும். அந்தத் தாயைத் தனியே விடவே கூடாது.

அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் தேறிவிட்டாள். இவர்கள் சபையில் சேரவில்லை. ஆனால் இவர்கள் அந்தப் பக்கம் போனால் வாசல் வரை வந்து 'ஹாலொங்' என்பாளாம். பத்திரமாப் போயிட்டு வாங்க என்று நாம் சொல்வோமே, அதேதான்.

அதே கடிதத்தின் கீழே ஒரு வரி இருந்தது: 'நேற்றும் இப்படித்தான் ஒரு வீட்டுக்குப் போகத் தோன்றியது. போனோம். பூட்டியிருந்தது. நாய் துரத்தியது!'

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் இந்த வரிதான் அவள் மேல் எனக்கு நம்பிக்கையை உண்டாக்கியது. பலித்ததை மட்டும் எழுதியிருந்தால் கதை என்று நினைத்திருப்பேன்.

பயமா, தூண்டுதலா?

"மனசுல தோணுறதெல்லாம் தூண்டுதல்னா, எனக்குத் தினமும் ஆயிரம் தோணுதே! பொண்ணு பத்து நிமிஷம் தாமதமானா விபத்துன்னு தோணுது" என்றேன் பக்கத்து வீட்டம்மாவிடம்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் பயம் வரும். பயம் வந்தா அதே எடத்துல நின்னு தவிப்பேன். மத்தது வந்தா, யாருக்கோ ஏதோ செய்யணும்னு எழுந்து போவேன். எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அவ்வளவுதான்."

அவர்கள் மதம் வேறு, நம்முடையது வேறு. நான் அந்திக்கு விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். ஆனால் குழந்தை அழப்போகிறது என்று ஒரு நொடி முன்பே விழித்துக்கொள்ளாத தாய் உண்டா? அடுப்பில் வேலையாக இருக்கும்போது ஒரு தோழியின் நினைவு திடீரென்று வரும். "அப்புறம் பேசிக்கலாம்" என்று தள்ளிவிடுகிறோம்.

இப்போது நான் தள்ளுவதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டுவிடுகிறேன். பத்துக்கு ஒன்பது தடவை, "ஒண்ணுமில்லையே, சும்மாதான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். வரட்டுமே! அந்தப் பத்தாவது ஆள் யாரென்று நமக்கு முன்கூட்டித் தெரியாதே.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் யாருக்காவது புதிதாய்க் குழந்தை பிறந்திருக்கிறதா? இன்றைக்கு ஒரு நடை போய்ப் பாருங்களேன். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, தாயிடமும் "நீ சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று கேளுங்கள். துணி இருந்தால் துவைத்துப் போட்டுவிட்டு வாருங்கள்!